28-லிருந்து 38: அந்தப் பத்துப் புள்ளிகள் யாருடைய கணக்கில்?

ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், சிகிச்சைக்காக வெளிநாடு புறப்படுவதற்கு முன் என் இதயத்தின் பம்பிங் திறன், அதாவது எக்கோ எனும் இதய ஸ்கேன் அறிக்கையில் இ.எஃப். என்று குறிக்கப்படும் எண், 28 சதவீதமாக இருந்தது. திரும்பி வந்து ஓராண்டு கழித்து அது 38 ஆயிற்று. இதைச் சொன்னவுடன் பெரும்பாலானோர் அந்த மருத்துவமனையின் முகவரியைத்தான் கேட்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. அந்தப் பத்துப் புள்ளிகளை எனக்குத் தந்தவை அங்கே செலுத்தப்பட்ட செல்களா, அதே வாரத்தில் மாற்றிக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. அதைப் பிரித்தறிய இருந்த வாய்ப்பையும் அவசரத்தில் நானே கெடுத்துக்கொண்டேன்.

எனக்கு வந்தது இதயத்தின் முன்சுவரைத் தாக்கிய பெரிய மாரடைப்பு. வாயுத் தொல்லை என்று நினைத்து வீட்டிலேயே பல மணி நேரம் கழித்துவிட்டதால், ஸ்டென்ட் வைத்து அடைப்பை நீக்கிய பிறகும் தசையில் பெரும்பகுதி தழும்பாகிவிட்டது. ஆரோக்கியமான இதயத்துக்கு இ.எஃப். பொதுவாக 50-க்கு மேல் இருக்கும். 28-இல் வாழ்வது எப்படியிருக்கும் என்றால், மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டால்தான் இரவில் உறக்கம் வரும். குளித்து முடித்தால் தலை துவட்டுவதற்கு முன் ஒருமுறை உட்கார வேண்டியிருக்கும். என் இதய மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார்: மருந்துகளைப் படிப்படியாக உச்ச அளவுக்குக் கொண்டுபோவது, மூன்று மாதங்களுக்குப் பிறகும் எண் 35-ஐத் தாண்டவில்லை என்றால் திடீர் மரணத்தைத் தடுக்க ஐ.சி.டி. எனப்படும் டிஃபிப்ரிலேட்டர் கருவியைத் தோளுக்குக் கீழே பதிப்பது. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. மருந்து என்பது ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருப்பதுதானே என்று தோன்றியது. கருவியோ தோல்வியின் முத்திரையாகத் தெரிந்தது. செத்த தசை மீண்டும் வளரும் என்று எவராவது சொல்ல மாட்டாரா என்று காத்திருந்த மனநிலையில்தான் அந்த வெளிநாட்டு மருத்துவமனையின் விளக்கக் கையேடு என் கைக்கு வந்தது.

"உங்கள் சொந்த உடலின் செல்கள், ஆகவே ஆபத்தில்லை" என்பது அதன் முதல் வரி. சொந்த உடலிலிருந்து எடுப்பதால் உடல் அவற்றை நிராகரிக்காது என்பது மட்டுமே அதில் உண்மை. எடுக்கும் ஊசியும், ஆய்வகத்தில் கைமாறும் நேரமும், இதயத்துக்குள் செலுத்தும் கதீட்டர் என்ற மெல்லிய குழாயும் தத்தம் ஆபத்துகளோடுதான் வருகின்றன. கையேட்டின் பிற்பகுதி முழுவதும் குணமடைந்தவர்களின் கடிதங்கள். அவற்றில் ஒன்றிலும் தேதி இல்லாததை நான் கவனிக்கவில்லை. ஹவாயின் புகழ்பெற்ற பாடகர் டான் ஹோ 2005 டிசம்பரில் பாங்காக் சென்று, தம் இரத்தத்திலிருந்து பிரித்து வளர்த்த செல்களை இதயத்தில் பெற்றுக்கொண்டு, சில வாரங்களிலேயே மேடைக்குத் திரும்பினார். அன்றைய செய்திகளை மட்டும் படித்தவருக்கு அது ஒரு வெற்றிக் கதை. அவர் 2007 ஏப்ரலில் இதயச் செயலிழப்பால் காலமானார். சிகிச்சைதான் அவரைக் கைவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சாட்சிக் கடிதங்கள் ஒருவர் மிகவும் நன்றாக இருக்கும் மாதத்தில் எழுதப்படுபவை என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்தத் துறையின் வரலாற்றைத் திரும்பி வந்த பிறகே படித்தேன். வரிசை மாறிப்போனதுதான் என் முதல் தவறு. எலும்பு மஜ்ஜைச் செல்கள் எலியின் இதயத்தில் புதிய தசையாக மாறுகின்றன என்ற ஆய்வு 2001-இல் வெளிவந்து உலகத்தையே பரபரப்பாக்கியது. அதே ஆண்டில் ஜெர்மனியின் டியூசல்டார்ஃபில் மாரடைப்பு நோயாளிக்கு மஜ்ஜைச் செல்கள் செலுத்தப்பட்டன. 2004-இல் ஹனோவரிலிருந்து வந்த பூஸ்ட் ஆய்வில், செல் பெற்ற குழுவினரின் இ.எஃப். ஆறு மாதங்களில் 6.7 புள்ளிகளும் பெறாதவர்களுக்கு 0.7 புள்ளியும் உயர்ந்திருந்தது. ஆனால் 18 மாதங்களில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எஞ்சவில்லை. அதே 2004-இல் வேறு இரண்டு ஆய்வுக் குழுக்கள், அந்தச் செல்கள் இதயத் தசையாக மாறுவதே இல்லை என்று காட்டின. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் அலசல், மஜ்ஜைச் செல் ஆய்வுக் கட்டுரைகளில் உள்முரண்கள் எவ்வளவு அதிகமோ, அவை காட்டிய பலனும் அவ்வளவு அதிகம் என்றும், முரண் இல்லாத ஆய்வுகளில் பலன் ஏறத்தாழ பூஜ்யம் என்றும் கண்டது. 2018-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் அதனுடன் இணைந்த மருத்துவமனையும், இதயத்தில் தனி ஸ்டெம் செல்கள் உண்டு என்ற கருத்தைப் பரப்பிய ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று இதழ்களிடம் கேட்டுக்கொண்டன.

எல்லாமே பொய் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 500-க்கும் மேற்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ட்ரீம்-ஹெச்எஃப் ஆய்வு தன் முதன்மை இலக்கை எட்டவில்லை என்றாலும், செல் பெற்றவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்திருந்ததைப் பதிவு செய்தது. எலிகளில் நடந்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, உயிரற்ற செல்களைச் செலுத்தினாலும் அதே அளவு நன்மை வருகிறது என்றும், காயத்தை ஆற்ற வரும் நோயெதிர்ப்புச் செல்களின் வேலையே அது என்றும் சொன்னது. ஆக, ஏதோ ஒன்று நடக்கிறது. கையேட்டில் வரைந்து காட்டியிருந்த, தழும்பின் நடுவே இளஞ்சிவப்பாகத் துளிர்க்கும் புதிய தசைதான் நடப்பதில்லை.

பயணத்துக்கு வருகிறேன். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமேல் இருப்பதற்கு ஒப்பானது; நல்ல இதயத்துக்கு இது பொருட்டல்ல, 28-க்குப் பொருட்டு. விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் நிரப்பித் தர வேண்டும். ஆக்சிஜன் தேவையென்றால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இதையெல்லாம் என் மகள் சரியாகச் செய்தாள். மாத்திரைகளை இரு மடங்கு நாட்களுக்கு எடுத்து, வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப் பெயரை எழுதிய பட்டியலோடு கைப்பையில் வைத்ததும் அவள்தான். பதிவுப் பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தபோது அந்தக் கைப்பை எங்களைக் காப்பாற்றியது. தவறு செய்தது நான். அடிக்கடி கழிப்பறைக்கு எழுந்து போகச் சங்கடப்பட்டு, சிறுநீர் பிரியும் மாத்திரையை அன்று ஒருவேளை விட்டுவிட்டேன். தரையிறங்கியபோது காலணி வாரைப் போட முடியவில்லை. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. "ஏன் அப்பா, ஓரத்து இருக்கை வாங்கியதே அதற்காகத்தானே?" என்று மகள் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாட்கள், நான் எதற்காகப் போனேனோ அதற்கல்ல, அந்த நீரை இறக்குவதற்கே செலவாயின.

எலும்பு மஜ்ஜை எடுப்பது இடுப்பின் பின்புற எலும்பிலிருந்து. வழக்கமாகக் குப்புறப் படுக்க வைப்பார்கள். மூன்று தலையணையில் உறங்குபவன் எப்படிக் குப்புறப் படுப்பான் என்பதை யாரும் முன்பே யோசிக்கவில்லை. மேசையருகில் போன பிறகுதான் பேச்சு எழுந்தது. கடைசியில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைப்பக்கத்தை உயர்த்தி எடுத்தார்கள். தோலும் எலும்பின் மேலுறையும் மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். எலும்பைத் துளைக்கும்போது அழுத்தம் தெரிகிறதே தவிர வலி தெரிவதில்லை. சிரிஞ்சில் உறிஞ்சும்போதுதான் வலி. உள்ளிருந்து எதையோ பிடுங்குவதுபோலத் தொடை வரை இழுக்கும். சில நொடிகளில் அடங்கும். அடுத்த சிரிஞ்சுக்கு மீண்டும் இழுக்கும். எனக்கு ஏறத்தாழ 50 மில்லி எடுத்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் இதற்காக இரத்தத் தட்டணுக்கள் ஒட்டி உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்குமா என்பதை ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். செல் சிகிச்சை அளிப்பவர் வாய்மொழியாகச் சொல்லி முடிவெடுக்கும் விஷயமல்ல அது. புதிய ஸ்டென்ட் என்றால் அந்த மாத்திரையை நிறுத்துவதே ஒரு மாரடைப்பை வரவழைக்கக்கூடும்.

மாலையில் அதே மஜ்ஜை, வெளிறிய செந்நிறத்தில் கலங்கிய திரவமாக, என் பெயர் ஒட்டிய சிரிஞ்சில் திரும்பி வந்தது. எத்தனை செல்கள், அவற்றில் உயிருள்ளவை எத்தனை சதவீதம், கிருமி இல்லை என்பதற்கான சோதனை எந்த நிலையில் இருக்கிறது என்று மகள் கேட்டாள். "எல்லாம் நல்ல தரம்" என்றார் அங்கிருந்த இளம் மருத்துவர். எழுத்தில் வேண்டும் என்று இரண்டாம் முறை கேட்ட பிறகு ஒரு தாள் வந்தது. அதில் எண்ணிக்கை இருந்தது, உயிருள்ள செல்களின் விகிதத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த நேரத்தில் நான் மேசைமேல் கிடந்தேன். உண்மையில் இந்தக் கேள்விகளைப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். படுத்த பிறகு கேட்பவனுக்கு மறுக்கும் தெம்பு இருப்பதில்லை.

செல்களைச் செலுத்துவது ஆஞ்சியோ போலத்தான். தொடை இடுக்கு வழியாகக் கதீட்டரைக் கொண்டுபோய், பழைய ஸ்டென்டுக்குள் சிறு பலூனை ஊதி இரத்த ஓட்டத்தை மூன்று நிமிடம் நிறுத்தி, அந்த இடைவெளியில் செல்களை விடுகிறார்கள். பிறகு ஓட்டத்தைத் திறந்துவிட்டு மீண்டும் இருமுறை. ஒவ்வொரு முறையும் மாரடைப்பின் அன்று வலித்த அதே இடத்தில் அதே வலி எழுந்தது. நெஞ்சு வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அந்த மூன்று நிமிடங்கள் நீளமானவை. இவ்வளவுக்குப் பிறகும், இப்படிச் செலுத்தப்படும் செல்களில் சில சதவீதமே இதயத்தில் தங்குகின்றன, எஞ்சியவை கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடுகின்றன என்பதைப் பின்னாளில் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது.

மறுநாள் காலையில்தான், எவரும் பெரிதாகப் பேசாத அந்த மாற்றம் நடந்தது. அங்கிருந்த மூத்த மருத்துவர் என் மாத்திரைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, நான் குறைந்த அளவில் எடுத்துவந்த ராமிப்ரிலை நிறுத்தி, 36 மணி நேர இடைவெளி விட்டு, சக்குபிட்ரில்-வால்சார்டன் மாத்திரையைத் தொடங்கினார். அந்த இடைவெளி கட்டாயம்; இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கும் அபாயம் உண்டு. இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கரின் அளவைக் கூட்டினார், ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்தார். என் ஊர் மருத்துவர் கடந்த இரண்டு சந்திப்புகளிலும் இதே மாற்றங்களைத்தான் சொல்லியிருந்தார். இரத்த அழுத்தம் குறையும், தலை சுற்றும் என்று தள்ளிப்போட்டவன் நான். கடல் கடந்து வந்து அதே மாத்திரையைப் பணிவோடு விழுங்கினேன்.

செல்களைச் செலுத்திய நான்காம் நாள், புறப்படுவதற்கு முன், அங்கேயே ஒரு எக்கோ எடுத்து 37 சதவீதம் என்றார்கள். மகளின் கண்கள் கலங்கிவிட்டன. நான்கு நாளில் எந்தச் செல்லும் இதைச் செய்ய முடியாது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. எக்கோவில் இ.எஃப். என்பது ஒருவர் திரையில் இதய அறையின் ஓரத்தைக் கோடிட்டுக் கணக்கிடும் எண். கருவி மாறினாலும் கை மாறினாலும் ஐந்து, சில சமயம் பத்துப் புள்ளிகள் வரைகூட மாறும். கால் நீர் இறங்கியிருந்ததும் எனக்கு இலேசாக மூச்சுவிட உதவியது. அதையும் செல்களின் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

திரும்பும் நாளில் விமான நிலையத்தின் நீண்ட நடைபாதையில் நடந்தபோது தொடை இடுக்கில் துளையிட்ட இடம் கனத்தது. தொட்டுப் பார்த்தால் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. உடனே உட்கார்ந்து, மகளை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மருத்துவமனை கொடுத்த எண்ணில் அழைத்தால் பேசியவர் எங்கள் அறையையும் வண்டியையும் ஏற்பாடு செய்த ஒருங்கிணைப்பாளர். மருத்துவரின் நேரடி எண் எங்களிடம் இல்லை. விமான நிலைய மருத்துவர் சோதித்து, இரத்தக் கசிவு நின்றுவிட்டது என்று உறுதி செய்த பிறகே, பல மணி நேரம் தாமதித்து, சக்கர நாற்காலியில் அடுத்த விமானம் ஏறினோம். பயணக் காப்பீட்டில் அந்தச் செலவைக் கேட்டபோது, பரிசோதனை நிலையிலுள்ள சிகிச்சைக்காகவே மேற்கொண்ட பயணத்தில் அதன் பின்விளைவுகளுக்குப் பொறுப்பில்லை என்ற விதியைக் காட்டினார்கள். விதி பத்திரத்தில் தெளிவாகத்தான் இருந்தது. முடிந்தால் மணிக்கட்டு வழியாகச் செய்யச் சொல்வதும், மருத்துவரின் நேரடி எண்ணை வாங்குவதும், திரும்பும் சீட்டை ஒரு வாரமாவது தள்ளிப் போடுவதும் எனக்குத் தெரியாத வித்தைகள் அல்ல, கேட்கத் தோன்றவில்லை.

ஊர் மருத்துவர் கோபிக்கவில்லை. முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்தார். ஆஞ்சியோ சாயமும் புதிய மாத்திரைகளும் சேர்ந்து அதைச் சற்று உயர்த்தியிருந்தன. பிறகு, முன்பு 28 என்று எழுதிய அதே நிபுணரை அதே கருவியில் எக்கோ எடுக்கச் சொன்னார்: 30. மூன்று மாதங்களில் 33. 35-ஐத் தாண்டாததால் ஐ.சி.டி. பதித்தோம், இந்த முறை நான் வாதாடவில்லை. ஓராண்டில் 38. மகிழ்ச்சியோடு ஸ்டெம் செல்லைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் 2019-இல் வெளியான ஓர் ஆய்வை எடுத்துக் காட்டினார்: நான் தொடங்கிய அதே சக்குபிட்ரில்-வால்சார்டனை எடுத்துக்கொண்ட 794 பேரில், இ.எஃப்.-இன் நடுமதிப்பு ஓராண்டில் 28.2-லிருந்து 37.8 ஆகியிருந்தது. "அந்த ஆய்விலும் ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை எடுக்காத குழு இல்லை, ஆகவே அதையும் முழுச் சான்றாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சார், உங்கள் எண்ணைப் பாருங்கள், அவர்களுடைய எண்ணைப் பாருங்கள். செல்லுக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது?" என்றார்.

கருவியைப் பற்றி ஒன்று. ஒரு வழக்கமான பரிசோதனையில் தொழில்நுட்பர் அதன் நினைவகத்தைப் படித்து, நீளமான ஒரு தாளை அச்சிட்டுக் காட்டினார். ஏழாம் மாதத்தில் ஓர் அதிகாலை 2.40-க்கு என் இதயத்தின் கீழறை நிமிடத்துக்கு 190 என்ற வேகத்தில் தறிகெட்டு ஓடியிருக்கிறது. கருவி அதைவிட வேகமாகச் சில துடிப்புகளைத் தட்டி, பத்து நொடிக்குள் அதைப் பழைய நடைக்குக் கொண்டுவந்திருக்கிறது. நான் உறங்கிக்கொண்டிருந்தேன். மாரடைப்புக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் இடையே இந்தக் கருவி இல்லாமல் கழித்த மாதங்களைத் தாளைப் பார்த்தபடி விரல்விட்டு எண்ணினேன்.

பிறகு ஒரு நல்ல ஆய்வு பற்றித் தெரிய வந்தது. நோயாளியிடம் கட்டணம் வாங்காதது, பாதிப் பேருக்குப் போலி ஊசி, யாருக்கு எது என்று மருத்துவருக்கே தெரியாது. விண்ணப்பித்தேன். முன்பே செல் சிகிச்சை பெற்றவர்களைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது; இது பல ஆய்வுகளில் உள்ள விதிதான். நான் போன இடமும் தன்னை ஆய்வு என்றுதான் சொல்லிக்கொண்டது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் தனக்கு எண் இருப்பதைக் கையேட்டின் அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. அந்தப் பதிவேட்டில் விவரங்களை நடத்துபவர்களே பதிவு செய்கிறார்கள். எண் இருப்பது அரசின் ஒப்புதல் ஆகாது. ஆய்வு என்று சொல்லிவிட்டு முழுச் செலவையும் நோயாளியின் தலையில் கட்டுகிறார்களா என்று பார்த்தாலே பெரும்பாலும் போதும். ஒப்புதல் என்பதற்கும் படிநிலைகள் உண்டு: தொடைத் தசைச் செல்களைத் தாளாக வளர்த்து இதயத்தின்மேல் ஒட்டும் ஒரு சிகிச்சைக்கு ஜப்பான் 2015-இல் ஏழு நோயாளிகளின் தரவை வைத்து நிபந்தனையுடன் அனுமதி தந்தது, அதன் பலன் நிறுவப்படவில்லை என்று 2024-இல் அந்நாட்டு நிபுணர் குழுவே முடிவு சொன்னது.

போயே தீருவது என்று உறுதியாக இருப்பவர்களை நான் தடுப்பதில்லை. நானும் தடுத்தவர்களின் பேச்சைக் கேட்டவனல்ல. கிளம்புவதற்கு முன் குறைந்தது மூன்று மாதம் எந்த மருந்தையும் மாற்றாமல் இருந்து, ஒரே நிபுணரிடம் எக்கோவும், முடிந்தால் இதய எம்.ஆர்.ஐ.யும், ஆறு நிமிட நடைச் சோதனையும் எடுத்து, திரும்பிய பிறகு அவரிடமே அவற்றை மறுபடி எடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு தலைப்பு இருந்திருக்கும்.

சென்ற மாதம் ஒருவர் அழைத்தார், இ.எஃப். 25, வயது 52, பணம் திரட்டிவிட்டார், முகவரி மட்டும் வேண்டும். உங்கள் மாத்திரைப் பட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பெயரைப் படியுங்கள் என்றேன். இதயச் செயலிழப்புக்கு இன்று நான்கு வகை மருந்துகளை அடித்தளமாகக் கொடுக்கிறார்கள்: சக்குபிட்ரில்-வால்சார்டன் அல்லது அதன் இடத்தில் வரும் ராமிப்ரில் போன்றவை, பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன் வகை, டாபாகிளிஃப்ளோசின் வகை. அவர் நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, சிறுநீர் மாத்திரை, மிகக் குறைந்த அளவில் ஒரு பீட்டா பிளாக்கர். வேறு பட்டை இருக்கிறதா என்று கேட்டேன். மறுமுனையில் பையைக் கவிழ்க்கும் ஓசை கேட்டது. "இவ்வளவுதான் சார்" என்றார். கடைசியாக இதய மருத்துவரைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்றேன். பதினான்கு மாதம்.